மின்சாரக் குட்டி யானை: வண்டியைப் பார்க்கும் முன் ஓட்டத்தைப் பாருங்கள்

உழவர் பயிற்சிகளில் விதை, உரம், பூச்சி, பாசனம் என்றுதான் வழக்கமாகக் கேள்விகள் வரும். இப்போது தேநீர் இடைவேளையில் வேறொரு கேள்வியும் வருகிறது. 'டீசல் குட்டி யானையைக் கொடுத்துவிட்டு மின்சார வண்டி வாங்கலாமா?' காய்கறி விவசாயி, பூ விவசாயி, பால் வண்டி ஓட்டும் இளைஞர் என்று பலரும் கேட்கிறார்கள்.

கேள்வி நியாயமானது. தினமும் பறித்து தினமும் விற்க வேண்டிய பயிர் வைத்திருப்பவருக்குப் பறிப்புக் கூலியும் வண்டிச் செலவும்தான் அன்றாடம் கையை விட்டுப் போகும் ரொக்கம். கத்தரிக்காய் கிலோ 10 ரூபாய்க்கு இறங்கும் நாளிலும் டீசல் விலை இறங்குவதில்லை. அந்தச் செலவில் பாதி மிச்சமாகும் என்று ஒருவர் சொன்னால் காது கொடுத்துக் கேட்கத்தான் தோன்றும்.

நான் உழவியல் படித்தவன். வண்டிப் பொறியியல் என் துறை அல்ல. ஆனால் சாகுபடிச் செலவுக் கணக்கு என் துறை. தோட்டத்திலிருந்து மண்டி வரை ஆகும் செலவும் அந்தக் கணக்கில் அடக்கம். அந்த முறையில் பார்த்து, என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆண்டு முழுவதும் ஏறக்குறைய தினமும் ஒரே வழித்தடத்தில் ஓடி, ஓட்டம் முடிந்து வீட்டுக்கே திரும்பும் வண்டிக்கு மின்சாரம் லாபம். பருவத்துக்கு மட்டும் ஓடும் வண்டிக்கு நட்டம். நடுவில் உள்ளவர்கள் தனியாக வாங்கக் கூடாது, குழுவாக வாங்கலாம். நீங்கள் இதில் எந்த வகை என்பதை ஷோரூமில் இருப்பவர் சொல்ல முடியாது. உங்கள் ஓட்டக் கணக்குதான் சொல்லும்.

மண் பரிசோதனை செய்யாமல் உரம் போடாதீர்கள் என்று சொல்கிறோம். அதுபோலத்தான் இதுவும்.

கம்பெனி கிலோமீட்டரும் நம் கிலோமீட்டரும்

டாடா ஏஸ் மின்சார வண்டி 2022 மே மாதம் அறிமுகமானது. 600 கிலோ சுமை, ஒரு முறை சார்ஜ் செய்தால் 154 கி.மீ. என்றார்கள். 2024ல் ஒரு டன் ஏற்றும் வண்டி வந்தது; அதற்கு 161 கி.மீ. அதே ஆண்டு மகிந்திரா நிறுவனமும் 160 கி.மீ. ஓடும் மின்சாரச் சிறு சரக்கு வண்டியை இறக்கியது. 2025ல் இன்னும் சிறியதாக, 750 கிலோ ஏற்றும் ஏஸ் புரோ வந்தது.

இந்தத் தூரங்கள் பொய்யல்ல. ஆனால் அவை சோதனைக்கென வகுக்கப்பட்ட ஓட்டத்தில் அளக்கப்பட்டவை. விதை உறையில் அச்சிட்டிருக்கும் மகசூலைப் போலத்தான். நல்ல மண், நல்ல நீர், நல்ல பராமரிப்பு இருந்தால் அது கிடைக்கும். நம் வயலில் என்ன கிடைக்கும் என்பது வேறு கணக்கு.

நம் ஓட்டத்தில் மூன்று விஷயங்கள் தூரத்தைக் குறைக்கும். முதலாவது சுமை. ஒரு டன் வண்டியில் ஒன்றரை டன் ஏற்றுவது நம் ஊரில் புதிதல்ல. சட்டப்படி அது தவறு. டீசல் வண்டியில் அதன் விலை கொஞ்சம் கூடுதல் டீசல். மின்சார வண்டியில் அதன் விலை நடுவழியில் நிற்பது. இரண்டாவது பாதை. தோட்டத்திலிருந்து தார் ரோடு வரை உள்ள இளகிய மண் பாதையில் சக்கரம் உருள, தார் ரோட்டில் தேவைப்படுவதைப் போலப் பல மடங்கு விசை வேண்டும். மூன்றாவது வேகம். விடியுமுன் மண்டி சேர வேண்டும் என்று நான்கு வழிச் சாலையில் அழுத்திப் போனால் காற்றுத் தடை பேட்டரியைத் தின்றுவிடும்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், 21 யூனிட் பேட்டரி உள்ள வண்டி சுமையோடு போய்க் காலியாகத் திரும்பும் ஓட்டத்தில் 100 முதல் 105 கி.மீ. தரும் என்று கணக்கு வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. அதிலும் ஐந்தில் ஒரு பங்கை அவசரத்துக்கு ஒதுக்கிவிட வேண்டும். மீதி 80 முதல் 85 கி.மீ. அதுதான் நீங்கள் நம்பி வண்டி எடுக்கக்கூடிய தூரம். போக வர இரண்டும் சேர்த்து.

ஒரு கிலோமீட்டருக்கு என்ன செலவு?

கிராமத்து ஓட்டத்தில் டீசல் குட்டி யானை லிட்டருக்கு 16 கி.மீ. தருகிறது, டீசல் 93 ரூபாய் என்று கொள்வோம். கிலோமீட்டருக்கு 5 ரூபாய் 80 காசு. உங்கள் வண்டி 18 தருகிறது என்றால் அந்த எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மின்சார வண்டி கிலோமீட்டருக்கு 0.2 யூனிட் எடுக்கிறது என்று கொள்வோம். பிளக்கில் செருகும்போது பேட்டரிக்குள் போகாமல் வெப்பமாக வீணாகும் மின்சாரமும் மீட்டரில் ஓடும். அதையும் சேர்த்தால் 0.225 யூனிட். யூனிட் 5 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 13 காசுதான். விற்பனையாளர் காகிதத்தில் எழுதிக் காட்டுவது இதைத்தான். பார்த்தவுடன் மனது இளகிவிடும்.

ஆனால் வீட்டு மின் இணைப்பில் யூனிட் 5 ரூபாய்க்கு எவ்வளவு தூரம் வரும்? தமிழகத்தில் வீட்டு மின்சாரம் படிக்கட்டுக் கட்டணம். முதல் 100 யூனிட் இலவசம். ஆரம்பப் படிகளில் 5 ரூபாய்க்கும் குறைவு. இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டிய பிறகு படிகள் செங்குத்தாக ஏறி, மேல் படியில் 11 ரூபாயையும் கடக்கும்.

தினமும் 80 கி.மீ. ஓடும் வண்டி நாளுக்கு 18 யூனிட் எடுக்கும். மாதம் 25 நாள் என்றால் இரண்டு மாதத்தில் 900 யூனிட். வீட்டில் ஏற்கெனவே 250 யூனிட் ஓடுகிறது என்றால் மொத்தம் 1,150. அதாவது வண்டிக்குப் போகும் மின்சாரத்தில் பெரும்பகுதி மேல் படிகளில்தான் விழும். சராசரி போட்டால் வண்டிக்கான யூனிட் 9 ரூபாயை ஒட்டி வரும். கிலோமீட்டருக்குச் சுமார் 2 ரூபாய்.

எனவே நிஜமான மிச்சம் கிலோமீட்டருக்கு 3 ரூபாய் 80 காசு. இது நல்ல மிச்சம்தான். ஆனால் காகிதத்தில் எழுதிக் காட்டிய 4 ரூபாய் 67 காசு அல்ல. நெடுஞ்சாலை ஓரத்துத் தனியார் வேக சார்ஜரை நம்பி ஓட்டினால் கணக்கே மாறிவிடும். அங்கே யூனிட்டுக்கு 18, 20 ரூபாய் கொடுத்தால் கிலோமீட்டருக்கு 4 ரூபாய்க்கு மேல் ஆகிவிடும். மிச்சம் பெரும்பாலும் கரைந்துபோகும்.

எஞ்சின் ஆயில், பில்டர், கிளட்ச் செலவு மின்சார வண்டியில் இல்லை. அதே நேரம் வண்டி விலை கூடுதல் என்பதால் இன்சூரன்ஸ் கூடும். இரண்டையும் ஒன்றுக்கொன்று ஈடு என்று வைத்துவிடலாம்.

மோட்டார் இணைப்பைத் தொடாதீர்கள்

இங்கே ஒரு எச்சரிக்கையை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். 'வீட்டு மின்சாரம்தானே விலை? கிணற்றடியில் இலவச மின்சாரம் இருக்கிறதே, அங்கே செருகிவிட்டால் என்ன?' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள்.

பாசனத்துக்கு என்று பெற்ற இணைப்பை வேறு பயனுக்குப் பயன்படுத்துவது மின்சாரச் சட்டம் 2003ன் 126வது பிரிவின்படி அங்கீகாரமற்ற பயன்பாடு. பிடிபட்டால், அந்தப் பயனுக்குரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு கணக்கிடுவார்கள். எப்போதிலிருந்து பயன்படுத்தினீர்கள் என்று உறுதி செய்ய முடியாவிட்டால், ஆய்வுக்கு முந்தைய 12 மாதத்துக்கும் கணக்கிட இடமுண்டு. ஓராண்டு மிச்சம் ஒரே நோட்டீஸில் போய்விடும்.

பணத்தை விடப் பெரிய விஷயமும் உண்டு. யூனிட்டுக்கு ஒரு பைசா உயர்வை எதிர்த்து 1970ல் பெருமாநல்லூரில் உழவர்கள் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட போராட்டங்களின் தொடர்ச்சியாகக் கிடைத்ததுதான் இலவச மின்சாரம். அதைச் சரக்கு வண்டிக்குத் திருப்பினால், 'உழவர்கள் தவறாகப் பயன்படுத்துகிறார்கள்' என்று சொல்லக் காத்திருப்பவர்களுக்கு நாமே சாட்சி கொடுத்ததாகிவிடும்.

வீட்டில் சார்ஜ் செய்வதற்கும் முன்னேற்பாடு வேண்டும். 16 ஆம்பியர் தனி லைன், நல்ல எர்த், தனி டிரிப்பர் இருக்க வேண்டும். பழைய வயரிங்கில் மிக்சி போடும் பிளக்கில் இரவு முழுவதும் வண்டியைச் செருகி வைப்பது ஆபத்து. டிரான்ஸ்பார்மரிலிருந்து தள்ளி, லைனின் கடைசியில் வீடு இருந்தால் மின்னழுத்தக் குறைவால் சார்ஜர் பாதியில் நின்றுவிடலாம். அதிகாலை 2 மணிக்கு வண்டி எடுக்கும்போதுதான் அது தெரியவரும். முன்கூட்டியே மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் பேசி, இணைப்பின் அனுமதிக்கப்பட்ட சுமை போதுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எத்தனை கிலோமீட்டர் ஓடினால் கட்டும்?

இப்போது முக்கியக் கணக்குக்கு வருவோம். ஒரே அளவு சுமை ஏற்றும் டீசல் வண்டியை விட மின்சார வண்டி 3 லட்சம் ரூபாய் கூடுதல் விலை என்று கொள்வோம். அந்த 3 லட்சத்துக்கு 11 சதவீத வட்டியில் 5 ஆண்டுத் தவணை என்றால் மாதம் சுமார் 6,500 ரூபாய். ஆண்டுக்கு 78,000.

தினமும் 80 கி.மீ., மாதம் 25 நாள், ஆண்டு முழுவதும் ஓடும் வண்டி 24,000 கி.மீ. ஓடும். கிலோமீட்டருக்கு 3.80 வீதம் 91,000 ரூபாய் மிச்சம். தவணை போக ஆண்டுக்கு 13,000 கையில் நிற்கும். ஐந்து ஆண்டுக்குப் பிறகு தவணை முடிந்துவிட்டால் மிச்சம் முழுவதும் உங்களுக்கு.

பருவத்துக்கு மட்டும் ஓடி, ஆண்டுக்கு 8,000 கி.மீ. தொடும் வண்டிக்கு மிச்சம் 30,000 ரூபாய். அந்த 3 லட்சத்துக்கு முதலாண்டு வட்டியே ஏறக்குறைய அந்த அளவு. அசல் ஒரு ரூபாய்கூடக் குறையாது.

இந்த இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே விழுகிறது? ஆண்டுக்கு 20,500 கி.மீ. அதாவது மாதம் சுமார் 1,700. ஓடும் நாளில் 70 கி.மீ. விலை வித்தியாசம் 2 லட்சமாகக் குறைந்தால் மாதம் 1,150 கி.மீ. போதும். எனவே வண்டியின் விலையை மட்டும் கேட்காதீர்கள். அதே சுமை ஏற்றும் டீசல் வண்டியின் விலையையும் கேட்டு, வித்தியாசத்தை எழுதிக்கொள்ளுங்கள்.

மேலே சொன்ன இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாளுக்கு 70 கி.மீ.க்குக் கீழே கட்டுப்படியாகாது. 85 கி.மீ.க்கு மேலே பேட்டரி தாங்காது. வீட்டில் மட்டும் சார்ஜ் செய்யும் ஒரு சிறு விவசாயிக்கு இன்றைய விலையில் திறந்திருக்கும் வாசல் அவ்வளவு குறுகலானது. அதில் சரியாக நுழைபவருக்கு நல்ல லாபம். நுழைய முடியாதவர் தலையை இடித்துக்கொள்வார்.

ஓடும் வண்டியை மாற்றாதீர்கள்

இன்னொரு பொறி இருக்கிறது. தவணை முடிந்து, நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருக்கும் டீசல் வண்டியை விற்று மின்சார வண்டி வாங்கலாமா என்பதற்கு மேலே சொன்ன 3 லட்சம் கணக்கு பொருந்தாது. புதிய வண்டி எட்டரை லட்சம், பழைய வண்டி இரண்டரை லட்சத்துக்குப் போகிறது என்றால் நீங்கள் புதிதாகச் சுமப்பது 6 லட்சம். அதற்கு ஆண்டுத் தவணை 1,56,000 ரூபாய். எரிபொருளில் மிச்சம் 91,000 என்றால், மீதி 65,000 ரூபாயை ஐந்து ஆண்டுக்குக் காய்கறி விற்றுக் கட்ட வேண்டும்.

ஆகவே ஓடும் வண்டியை ஓட்டுங்கள். அது ஓய்ந்து, அடுத்த வண்டி வாங்கியே தீர வேண்டும் என்ற நிலை வரும்போது டீசலா மின்சாரமா என்று கணக்குப் போடுங்கள். அதற்குள் மின்சார வண்டிகளின் பழைய வண்டிச் சந்தை எப்படி அமைகிறது என்பதும் தெரிந்துவிடும். டீசல் குட்டி யானையை எந்த ஊரிலும் விற்கலாம். ஐந்து வயதான மின்சார வண்டிக்கு நம் கிராமங்களில் இன்னும் நிலையான விலை உருவாகவில்லை.

மானியம் வரும் என்று சொன்னால் எழுத்தில் கேளுங்கள். மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் லாரிகளுக்கான மானியம் 3.5 டன்னுக்கு மேற்பட்ட மொத்த எடையுள்ள வாகனங்களுக்கானது. குட்டி யானை அந்த வகையில் வராது. மாநில அரசின் சாலை வரிச் சலுகை எந்தத் தேதி வரை நடப்பில் இருக்கிறது என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு முன்பணம் கொடுங்கள்.

யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது?

மிகவும் பொருந்துவது பால் வண்டிக்கு. காலை ஒரு நடை, மாலை ஒரு நடை, ஆண்டுக்கு 365 நாள், மாறாத வழித்தடம், ஒவ்வொரு ஊரிலும் நின்று நின்று போகும் ஓட்டம். நின்று கிளம்பும் ஓட்டத்தில் டீசல் வண்டிக்கு மைலேஜ் விழும். மின்சார வண்டியோ பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம் மின்சாரத்தைத் திரும்பப் பெறும். இரண்டு நடைக்கும் நடுவே சார்ஜ் செய்ய நேரமும் உண்டு.

அடுத்து, 25, 30 கி.மீ. தூரத்து உழவர் சந்தைக்கும் மண்டிக்கும் தினமும் போகும் வண்டிகள். மல்லிகை, சம்பங்கி போன்ற பூக்கள் எடை குறைவு, ஆனால் தினமும் போக வேண்டும். கீரை, நாற்றுப் பண்ணை வண்டிகளும் இதில் சேரும். தூரமும் சுமையும் இன்னும் குறைவு என்றால் மின்சார மூன்று சக்கரச் சரக்கு ஆட்டோவைப் பாருங்கள். விலை குறைவு என்பதால் கடன் சுமையும் குறைவு.

பொருந்தாதவர்கள்: மா, வாழை, நிலக்கடலை, மஞ்சள் என்று அறுவடைப் பருவத்தில் மட்டும் வண்டி ஓட்டுபவர்கள். மற்ற நாட்களில் வாடகைக்கு எங்கே கூப்பிட்டாலும் போகிறவர்கள். திண்டுக்கல், தேனிப் பக்கமிருந்து கேரளத்துக்கும் சென்னை கோயம்பேட்டுக்கும் நேரடியாகச் சரக்கு ஏற்றுபவர்கள். இவர்களுக்கு இன்றைய நிலையில் டீசல் வண்டிதான் சரி. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மலை விவசாயிகளுக்குக் கணக்கு வேறு. ஊட்டி, குன்னூர் பக்கத்து கேரட், உருளை, முட்டைக்கோஸ் சுமையோடு மேட்டுப்பாளையத்துக்கு இறங்குகிறது. வண்டி காலியாக ஏறுகிறது. இது மின்சார வண்டிக்குச் சாதகமான ஓட்டம். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் சுமார் 1,900 மீட்டர் இறக்கம். மொத்தம் 2 டன் எடையுள்ள வண்டி அந்த உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் 10 யூனிட் அளவு. டீசல் வண்டியில் அது முழுவதும் பிரேக்கிலும் எஞ்சினிலும் வெப்பமாகப் போகிறது. மின்சார வண்டியில் இழப்புகள் போக 4 யூனிட் அளவுக்காவது பேட்டரிக்குத் திரும்பலாம்.

ஆனால் மலையில் ஒரு விதியை மறக்கக் கூடாது. மேலே இருந்து கிளம்பும்போது பேட்டரி முழுவதும் நிரம்பியிருக்கக் கூடாது. நிரம்பிய பேட்டரியால் இறக்கத்து மின்சாரத்தை வாங்கிக்கொள்ள முடியாது. அப்போது பிரேக் மட்டுமே வண்டியைத் தாங்கும், சூடேறும். 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தி இறங்குங்கள். வாங்கும் முன் முழுச் சுமையோடு உங்கள் மலைப் பாதையிலேயே ஏற்றியும் இறக்கியும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

வெயிலும் புயலும்

பேட்டரிக்குப் பகை வெப்பம். இந்தச் சிறு சரக்கு வண்டிகள் பலவற்றில் இருப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. மற்ற லித்தியம் வகைகளை விட வெப்பத்தைத் தாங்கும். நீண்ட நாள் உழைக்கும். ஆனாலும் முழு சார்ஜோடு மே மாத வெயிலில் தகரக் கொட்டகைக்குள் நாள் கணக்கில் நிறுத்தி வைத்தால் ஆயுள் குறையும். வேப்ப மர நிழலோ கீற்றுக் கொட்டகையோ போதும். வெயிலில் ஓடி வந்ததும் செருகாமல், கொஞ்ச நேரம் ஆறவிட்டுச் செருகுங்கள். எலி வயரைக் கடிக்கும் என்பதால், தீவன மூட்டைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள்.

டெல்டா, கடலோர மாவட்டத்தவர்களுக்குத் தனியாக ஒன்று. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது பல கிராமங்களுக்கு வாரக் கணக்கில் மின்சாரம் வரவில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அப்படி ஒரு நிலை மீண்டும் வராது என்று யாரும் சொல்ல முடியாது. ஊரில் இருக்கும் ஒரே சரக்கு வண்டி மின்சார வண்டியாக இருக்க வேண்டாம். இரண்டு வண்டியில் ஒன்று மின்சாரம் என்றால் சரி.

தனியாக முடியாதது சேர்ந்தால் முடியும்

ஒன்றரை ஏக்கரில் கத்தரியும் வெண்டையும் வைத்திருப்பவருக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் 200, 300 கிலோ சரக்கு இருக்கும். அவர் தனியாக மாதம் 1,700 கி.மீ. ஓட்டவே முடியாது. ஓட்டத்தைக் கூட்ட வாடகைக்குப் போனால், 85 கி.மீ. எல்லை குறுக்கே நிற்கும். ஆனால் அதே ஊரில் அப்படி எட்டுப் பேர் இருக்கிறார்கள். எட்டுப் பேர் சரக்கும் ஒரே வண்டியில், தினமும் ஒரே மண்டிக்குப் போனால் வண்டி நிரம்பும், ஓட்டமும் நிரம்பும். இந்த வண்டியின் இயல்பே மாறாத ஓட்டம். மாறாத ஓட்டத்தைத் தனி விவசாயியால் தர முடியாது. குழுவால் தர முடியும்.

எனவே உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள், பால் கூட்டுறவுச் சங்கங்கள், மகளிர் குழுக்கள்தான் இந்த வண்டியை முதலில் வாங்க வேண்டியவர்கள் என்பது என் கருத்து. கிலோவுக்கு இவ்வளவு என்று வாடகை வைத்துத் தவணையை அடைத்துவிடலாம். ஓட்டுநர், வழித்தடம், சார்ஜ் செய்யும் இடம் மூன்றும் முன்பே முடிவாகியிருந்தால் பாதி வெற்றி. வண்டி வாங்கிய பிறகு வழித்தடம் தேடும் குழுவுக்கு அது கடனாகத்தான் முடியும். விரிவாக்க அலுவலர்கள் இதில் பெரிதும் உதவ முடியும். கூட்டத்தில் வண்டியின் படத்தைக் காட்டுவதற்கு முன், அந்த ஊரிலிருந்து எந்த மண்டிக்கு, எந்த நாளில், எத்தனை கிலோ போகிறது என்று ஒரு மாதம் குறித்துத் தாருங்கள்.

அரசு செய்ய வேண்டியது

குறுகிய வாசலை அகலமாக்குவது அரசின் கையில் இருக்கிறது. முதலாவது, சந்தையில் சார்ஜிங். விவசாயியின் வண்டி மண்டியில் மூன்று, நான்கு மணி நேரம் சும்மா நிற்கிறது. அங்கே விலை உயர்ந்த வேக சார்ஜர் தேவையில்லை. 3.3 கிலோவாட் சாதாரண முனை ஒன்று இருந்தால் மூன்று மணி நேரத்தில் 40 கி.மீ.க்கு மேல் ஓடும் மின்சாரம் ஏறிவிடும். 85 என்ற எல்லை 125 ஆகிவிடும். 1999ல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைகளும், ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களும் இதற்குத் தயாராக உள்ள இடங்கள். மின் இணைப்பு இருக்கிறது, இடம் இருக்கிறது, காவலும் இருக்கிறது.

இரண்டாவது, பகல் கட்டணம். தமிழகத்தில் பகலில் சூரிய மின்சாரம் கொட்டுகிறது, மாலையில்தான் தட்டுப்பாடு. காய்கறி வண்டி நள்ளிரவுக்குப் பின் கிளம்பி, காலை 10 மணிக்குள் திரும்பி, பகல் முழுவதும் நிற்கிறது. நகரத்து வண்டிகள் இரவில்தான் சார்ஜ் ஆகும். விவசாயியின் வண்டிதான் பகலில் சார்ஜ் ஆகக்கூடிய வண்டி. சூரிய ஒளி நேரத்தில் கட்டணம் 20 சதவீதமாவது குறைவாக இருக்க வேண்டும் என்று மத்திய அரசு 2023ல் மின் நுகர்வோர் விதிகளைத் திருத்தியது. அதை வேளாண் சரக்கு வண்டிகளுக்கு முதலில் கொண்டுவரட்டும். வீட்டு மீட்டரின் மேல் படியில் விழாதபடி, வண்டிக்குத் தனி மீட்டரும் பகல் கட்டணமும் கொடுத்தால் இலவசம் எதுவும் கேட்க வேண்டியதில்லை. யூனிட் 9 ரூபாய்க்குப் பதில் 6 ரூபாய் என்றால் நாளுக்கு 60 கி.மீ. ஓடுபவருக்கும் கட்டும்.

மூன்றாவது, மானியம் தருவதாக இருந்தால் வண்டிக்குத் தர வேண்டாம், ஓட்டத்துக்குத் தாருங்கள். முன்பணத்தில் கழித்துக் கொடுத்தால் ஓடாத இடத்திலும் வண்டி விற்கப்படும். நிலையான வழித்தடம் வைத்திருக்கும் குழுவின் கடன் வட்டியைக் குறைத்தால், உண்மையில் ஓடும் இடத்துக்கு உதவி போய்ச் சேரும்.

இன்றே தொடங்க வேண்டியது

வாங்கும் எண்ணம் இருந்தால் ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம், தினமும் ஐந்து விவரம் எழுதுங்கள்: கிளம்பிய நேரம், எங்கே போனது, மீட்டரில் எத்தனை கி.மீ., எவ்வளவு சுமை, திரும்பி வந்து எத்தனை மணி நேரம் நின்றது. முடிந்தால் பருவ காலத்தில் ஒரு மாதம், பருவம் இல்லாதபோது ஒரு மாதம் என இரண்டு மாதம் எழுதுங்கள்.

மாத மொத்தம் 1,700 கி.மீ.யைத் தொடுகிறதா? எந்த ஒரு நாளும் 85ஐத் தாண்டாமல் இருக்கிறதா? அல்லது தாண்டும் நாட்களில் நடுவே சார்ஜ் செய்ய இடம் உண்டா? வண்டி தொடர்ந்து ஏழெட்டு மணி நேரம் வீட்டில் நிற்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் அடுத்த வண்டி மின்சாரமாக இருக்கட்டும்.

ஷோரூமில் கேட்க வேண்டியவை: பேட்டரிக்கு எத்தனை ஆண்டு, எத்தனை கி.மீ. உத்தரவாதம், இரண்டில் எது முதலில் வந்தாலும் முடிந்துவிடுமா? கொள்ளளவு எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள்? அதிகச் சுமை ஏற்றினால் உத்தரவாதம் ரத்தாகுமா? உத்தரவாதம் முடிந்த பின் புதிய பேட்டரி என்ன விலை? மின்சார வண்டி பார்க்கத் தெரிந்த மெக்கானிக் எத்தனை கி.மீ. தூரத்தில் இருக்கிறார்? நடுவழியில் நின்றால் யார் இழுத்து வருவார்கள்? பதில்களை எழுத்தில் வாங்குங்கள். கடைசியாக, உங்கள் சரக்கை ஏற்றி உங்கள் மண்டிக்கே ஒரு நடை ஓட்டிப் பாருங்கள். மறுத்தால் அடுத்த ஷோரூமுக்குப் போங்கள்.

டீசல் புகை இல்லாத வண்டி நம் கிராமத்துக்கு நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கடனில் மூழ்கிய ஒரு விவசாயியைப் பார்த்துவிட்டு, அந்த ஊரில் அடுத்த பத்து ஆண்டுக்கு யாரும் மின்சார வண்டிப் பக்கம் திரும்ப மாட்டார்கள். ஊரில் முதலில் வாங்குபவர் சரியான ஆளாக இருக்க வேண்டும். அது நீங்களா என்பதை உங்கள் நோட்டு சொல்லட்டும்.